யாருடைய காசில் ஊகிக்கிறோம்?

லோரிப் பட்டறைகளில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு. “மாத்திப் பார்ப்போம்.” ஃபில்டரை மாத்திப் பார்ப்போம், சென்சாரை மாத்திப் பார்ப்போம், பம்பை மாத்திப் பார்ப்போம். கேட்பதற்கு அடக்கமான வாக்கியம்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர் அதில் இல்லை. ஆனால் அந்தப் ‘பார்ப்போம்’ யாரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது என்பது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘பார்ப்போம்’ என்று வினையில் முடித்துவிட்டால் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. மாற்றுகிறவர் ஃபோர்மன். பார்க்கிறவர்கள் எல்லோரும். பில் மட்டும் ஒருவருக்கு.

இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கனரக லோரிகளைப் பராமரிக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் என்ஜின் எப்படி ஓடுகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓடாதபோது எப்படி யோசிப்பது என்பதைப் பட்டறையில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ளும்போது, இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை என்று படிப்படியாகத் தெரிந்தது. ஒரு பழுதுக்கு இதுதான் காரணம் என்று சொல்வது ஒரு வாக்குமூலம் மாதிரி. அதை நம்பி ஒருவர் காசு கொடுக்கிறார், ஒருவர் வேலை இழக்கிறார், சில சமயம் ஒருவர் பெயர் கெடுகிறது. அப்படியானால், போதுமான ஆதாரம் இல்லாமல் ஒன்றை நம்புவது தவறா? தவறென்றால், ஆதாரம் முழுமையாகக் கிடைக்காத நிலையிலும் வேலையை முடித்தாக வேண்டியவன் என்ன செய்வான்?

கேள்விக்குள் போகும் முன் என்ஜினைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897இல் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு டீசல் என்ஜினில் எண்ணெய்ப் பிரச்சினை வேறு, கரண்ட் பிரச்சினை வேறு. பழைய லோரிகளில் பம்ப் முழுக்க இயந்திரம். ஒரு முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியின் தயவு பெரும்பாலும் தேவைப்படாது. பல லோரிகளில் என்ஜினை நிறுத்துவதற்கே ஒரு கம்பியை இழுக்க வேண்டும். 1995இல் ஜப்பானில் லோரிகளுக்கு காமன் ரயில் முறை வந்தது. அதோடு அந்தப் பிரிவினை போய்விட்டது.

காமன் ரயில் என்பது, எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு தடித்த குழாய். உயரழுத்தப் பம்ப் அதற்குள் டீசலை அடைத்து வைக்கும். இன்றைய லோரிகளில் அந்த அழுத்தம் 1600 முதல் 2000 பார் வரை போகும், சிலவற்றில் அதற்கும் மேல். ஒப்பிட்டுப் பார்க்க, லோரி டயருக்குள் இருப்பது எட்டு பார் அளவுதான். இந்த அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொடவும் கூடாது. அவ்வளவு அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். எனவே ஒரு சென்சார் அதை அளந்து, ஐந்து வோல்ட்டுக்குள் அடங்கும் ஒரு மின்னழுத்தமாக மாற்றி, கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்கிறது. கணினிக்கு டீசல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது அந்த வோல்ட் மட்டும்தான்.

இப்போது ஸ்கேனரை மாட்டினால் பி0087 என்று ஒரு எண் வருகிறது என்று வையுங்கள். ரயிலில் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். ஏன் குறைவு என்று அது சொல்லவில்லை. டேங்கில் கசடு இருக்கலாம். உறிஞ்சும் குழாயின் மூட்டில் மயிரிழை அளவு விரிசல் வழியே காற்று ஏறலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். பம்புக்குப் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று தேவைக்கு மேல் டீசலைத் திருப்பி அனுப்பலாம். அழுத்தம் சரியாகவே இருந்து, சென்சாரின் ஒயர் பொய் சொல்லலாம். இத்தனை பேரில் யார் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. வலி எங்கே தெரிந்தது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். பட்டறையில் நடப்பது என்ன? எண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் பொருளின் பெயர் இருக்கிறதோ அந்தப் பொருள் கழற்றப்படுகிறது. ஓடிவந்து தகவல் சொன்னவனையே பிடித்து உள்ளே போடுவது போல.

கரண்ட் பக்கம் இது இன்னும் மோசம். கனரக லோரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ 12 வோல்ட் வேண்டுமே என்று யாராவது ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு பேட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மற்றது அளவுக்கு மீறி ஏறும். சில மாதங்களில் ஸ்டார்ட் அடிக்கும்போது மின்னழுத்தம் சரியும், கணினி தடுமாறும், ஒரே நேரத்தில் ஆறேழு எண்கள் வந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு சென்சாரின் மேல் விரல் நீட்டும். வீட்டில் ஆறு பேருக்கும் சளி பிடித்தால் ஆறு பேருக்கும் தனித்தனியாக மருந்து வாங்குவோமா, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்போமா?

இன்னொன்றும் உண்டு. உள்ளே முக்கால்வாசி இழைகள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு ஒயர். மீட்டரை வைத்துத் தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தால் ‘பீப்’ என்று சத்தம் போட்டு நல்ல ஒயர் என்றே சொல்லும். மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு ஓர் இழையே போதும். அதே ஒயரில் ஸ்டார்ட்டரோ பம்போ இழுக்கும் மின்சாரம் பாயும்போதுதான் அதன் உண்மை தெரியும். அதனால்தான் அனுபவசாலிகள் ஸ்டார்ட் அடிக்கும் அந்தச் சில நொடிகளில், பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்கிறார்கள். சும்மா இருக்கும்போது சோதிப்பது சோதனை இல்லை, சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும். நம்முடைய நம்பிக்கைகளுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கும்போது எந்த நம்பிக்கையும் ‘பீப்’ சொல்லிவிடும்.

ஒரு லோரியின் கதையைச் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி, காராக் நெடுஞ்சாலை வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகும் பிரைம் மூவர். சமதளத்தில் பிரச்சினை இல்லை. கோம்பாக் தாண்டி கெந்திங் செம்பா மேட்டில் ஏறும்போது திடீரென்று இழுவை செத்துவிடும், விளக்கு எரியும். ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்துவார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஏறும். ஸ்கேனரில் ரயில் அழுத்தம் குறைவு.

எங்களிடம் வருவதற்கு முன் அந்த லோரி வேறொரு பட்டறையில் இருந்திருக்கிறது. முதலில் ஃபில்டரை மாற்றினார்கள். நியாயமான ஊகம்தான். 2019 முதல் நம் நாட்டுப் போக்குவரத்து டீசலில் பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து வரும் பயோடீசல். அது சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், டேங்கின் பழைய கசடைக் கரைத்துக்கொண்டும் வரும். ஃபில்டர் அடைபடுவது புதுமை இல்லை. மாற்றிய வாரம் லோரி நன்றாக ஓடியது. பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதினார்கள். உண்மையில் அந்த வாரம் கிள்ளான், ஷா ஆலாம் சுற்றுவட்டத்தில் மட்டும்தான் ஓட்டம். மேடே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அடுத்த வாரம் மேட்டில் பழைய கதைதான். பிறகு கட்டுப்பாட்டு வால்வு மாறியது. பிறகு ரயில் சென்சார். கடைசியாக, உயரழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் போய்விட்டன என்று ஐந்திலக்கத் தொகைக்கு ஒரு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று லோரி மட்டுமே வைத்திருக்கும் முதலாளிக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு ஊகமும் சேர்ந்துகொண்டது. ‘எண்ணெய் போதவில்லை’ என்று இயந்திரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. போட்ட எண்ணெய் எங்கே போனது? ஓட்டுநர் டேங்கில் கை வைத்திருப்பார், நல்ல டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு எதையோ ஊற்றியிருப்பார். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. தகுதியுள்ள சரக்கு லோரிகளுக்கு மானிய அட்டை உண்டு. மானிய விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால், டேங்க் பக்கத்தில் நிற்கிறவர் மேலெல்லாம் சந்தேகம் விழும். ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ட்ரிப் கணக்கில் சம்பளம். லோரி பட்டறையில் நின்ற நாளெல்லாம் அவருக்கு வருமானம் அடிபட்டது. அதற்கு மேல் இந்தப் பெயர்.

லோரி எங்கள் பட்டறைக்கு வந்தபோது, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு மலாய்ப் பாக்சிக் ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. “டெங்ஙார் டூலு” என்றார். முதலில் கேள். அவர் கேட்கச் சொன்னது என்ஜினை என்றுதான் நினைத்தேன். அவர் ஓட்டுநரைக் கைகாட்டினார்.

அண்ணன் சொன்னார்: “தம்பி, நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். டேங்க் ரொப்பிக்கிட்டுப் போற அன்னிக்குத்தான் இது வருது. பாதி டேங்க்குல போனா ஒன்னும் இல்ல. சொன்னா சிரிக்கிறாங்க. எண்ணெ நெறைய இருந்தா எப்படிய்யா எண்ணெ பத்தாமப் போகும்னு கேக்குறாங்க.” இன்னொன்றையும் சொன்னார். நிறுத்தியதும் எண்ணெய் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பாராம். அப்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வருமாம்.

டேங்கிலிருந்து டீசல் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். அது தூசியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அடைபட்டுவிட்டால், டேங்குக்குள் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். பம்ப் தன் பலத்தையெல்லாம் போட்டு உறிஞ்ச வேண்டியிருக்கும், டீசலில் கரைந்திருக்கும் காற்றும் குமிழியாகப் பிரியும். டேங்க் விளிம்பு வரை நிறைந்திருக்கும்போது மேலே 20 லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் டீசல் செலவானால் அந்தக் காற்று இரண்டு மடங்கு இடத்தில் பரவ வேண்டும். துளை முழுக்க அடைபட்டிருந்தால் அழுத்தம் பாதியாகிவிடும். பாதி டேங்கில் மேலே 200 லிட்டர் காற்று இருந்தால், அதே 20 லிட்டர் செலவுக்கு அழுத்தம் பத்தில் ஒரு பங்குகூட இறங்காது. கிள்ளான் துறைமுகத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய லோரி மேட்டின் அடிவாரத்துக்கு வரும்போது செலவழித்திருப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மேடு வேறு அதிக டீசலைக் கேட்கிறது. பாயில் 1662இல் வெளியிட்ட விதியை அண்ணன் தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்சிக் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. உறிஞ்சும் குழாயில் ஒரு வெற்றிட மானியை மாட்டி, டேங்கை நிரப்பி, சுமையோடு மேட்டுக்கு அனுப்பினார். முள் ஏறிக்கொண்டே போனது. இழுவை செத்தது. மூடியைத் திறந்ததும் முள் விழுந்தது. புது மூடி போட்டு மறுபடி ஓடவிட்டபோது முள் அசையவில்லை, மேடும் ஏறியது. யாராக இருந்தாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அவர் பழைய மூடியைத் திரும்பப் போட்டு இன்னொரு முறை அனுப்பினார். பழுது திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் ‘காரணம்: டேங்க் மூடி’ என்று வேலைத்தாளில் எழுதவிட்டார். பழுதைப் போகவைப்பது ஒரு திறமை. அதைக் கூப்பிட்டால் வரும்படி செய்ய முடிந்தால்தான் அறிந்தோம் என்று சொல்ல முடியும்.

டபிள்யூ. கே. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பல முறை பழுது பார்க்கப்பட்டது. நாடு விட்டுப் போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறது. முதலாளிக்கு உள்ளுக்குள் சந்தேகம் வருகிறது, முழுக்கச் சோதித்துப் பார்க்கலாமா என்று. செலவாகும். இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, இதுவும் போய் வரும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறார். கடைசியில் மனதார நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொள்கிறார். அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபர்ட். அவர் கையில் இருந்த ஆதாரத்தை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. இதற்கு அடுத்த படிதான் முக்கியம். கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் துளியும் குறையாது. கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பட்டறைக்கு இதைக் கொண்டுவந்தால் சங்கடமான ஒரு முடிவு வருகிறது. தப்பாக ஊகித்து மூன்று பொருள்களை மாற்றிய ஃபோர்மனை மட்டும் நாம் குறை சொல்வோம். முதல் ஊகத்திலேயே அதிர்ஷ்டவசமாகச் சரியாக அடித்தவரைக் கெட்டிக்காரர் என்போம். கிளிஃபர்ட் கணக்கில் இருவரும் ஒரே தராசில்தான். இரண்டு பேரும் பார்க்கவில்லை, இரண்டு பேரும் தெரிந்ததாகச் சொன்னார்கள்.

இது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு இல்லையா? அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸுக்கும் அப்படித்தான் பட்டது. 1896இல் அவர் எழுதிய மறுப்பின் சாரம் இது: சில தேர்வுகளைத் தள்ளிப்போட முடியாது. ஆதாரம் முழுமையாக வரும் வரை முடிவு செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவந்த லோரி ராத்திரி பதினொரு மணிக்கு வழியில் நிற்கிறது. விடிவதற்குள் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே போய் நின்றுகொண்டு, வெற்றிட மானி இல்லாமல் நான் எதையும் நம்ப மாட்டேன் என்று சொல்வது அறமாகாது. தக்காளி அழுகிவிடும். ஃபில்டரை மாற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஜேம்ஸ் சொல்வதை நான் ஏற்கிறேன். ஊகிக்காமல் எந்தப் பட்டறையும், எந்த மருத்துவமனையும் ஓடாது. ஆனால் ஜேம்ஸ் கொடுக்கும் உரிமை, துணிந்து இறங்குகிறவன் தன் நஷ்டத்தைத் தானே தாங்கும்போதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னொருவர் காசில் துணிவது ரொம்ப சுலபம். கப்பல் முதலாளி கப்பலில் ஏறவில்லை. ஃபோர்மன் மாதத் தவணை கட்டவில்லை. ஊகம் தவறினால் வலிப்பது யாருக்கு என்பதைப் பொறுத்தே, எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதும் மாற வேண்டும். என் காசு, என் லோரி என்றால் காற்றில் அம்பு விடலாம். அடுத்தவர் காசு என்றால் முதலில் அவரிடம் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: “இது எனக்குத் தெரியாது, ஊகிக்கிறேன்.” இதைச் சொல்லிவிட்டு அவர் சம்மதத்தோடு மாற்றினால் அது கூட்டு முயற்சி. அப்போதுதான் அந்தப் ‘பார்ப்போம்’ உண்மையான ‘நாம்’ ஆகிறது. சொல்லாமல் மாற்றினால், ஊகத்தை அறிவு என்று விற்ற கணக்கு.

பட்டறைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே ஒருதலைப் பட்சமாகிவிடும். நம் ஆட்கள் பொருளுக்குக் காசு கொடுப்பார்கள், யோசித்ததற்குக் கொடுக்க மாட்டார்கள். அரை நாள் முழுக்க ஒயர் ஒயராக அளந்து, கடைசியில் ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு, இருநூறு வெள்ளி கேட்டுப் பாருங்கள். “ஒரு போல்ட்ட முடுக்குனதுக்கு இருநூறா?” என்பார்கள். அதே ஆள் இரண்டாயிரம் வெள்ளிக்குப் புதுப் பொருள் மாட்டினால், பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்தியாகக் கட்டிவிட்டுப் போவார். அறிவதற்கு விலை கிடைக்காத சந்தையில், பட்டறைக்காரர் அந்த விலையைப் பொருளுக்குள் ஒளித்து வைக்கிறார். ஊகத்தை வளர்ப்பதில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு. தேடுவதற்கான கூலியைத் தனியாகக் கேட்கவும் கொடுக்கவும் பழகாத வரை, கிளிஃபர்ட்டின் கண்டிப்பை ஃபோர்மன் தலையில் மட்டும் இறக்குவது அநியாயம்.

ஆனால் அந்த லோரியில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது பில் இல்லை. காரணம் முதல் நாளிலிருந்தே ஒருவர் வாயில் இருந்தது, யாரும் காது கொடுக்கவில்லை என்பதுதான். மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் வந்த தன் நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். பேசுகிறவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்குக் குறைவான மதிப்புக் கொடுப்பது ஒரு தனி வகை அநீதி என்கிறார். அது ஒருவரை அறிகிறவர் என்ற நிலையிலிருந்தே கீழே தள்ளுகிறது. ஓட்டுநர் அன்றாடம் பத்து மணி நேரம் அந்த இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். எந்த மேட்டில், எந்த கியரில், எந்தச் சத்தம் என்பதெல்லாம் அவர் உடம்புக்குத் தெரியும். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சில சமயம் அவர் ஊகத்தையே அனுபவமாகச் சொல்வார். ஆனால் ஸ்கேனர் சொல்வதைச் சோதிக்காமல் நம்புகிறோம், ஓட்டுநர் சொல்வதைச் சோதிக்காமல் தள்ளுகிறோம். இரண்டுமே வாக்குமூலம்தான். இரண்டையும் மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். நோயின் காரணத்தைத் தேடச் சொல்லும் குறளைத்தான் மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் என்று அது எண்ணுகிறது. அந்த வரிசையில் முதலில் வருவது நோய் கண்டவர். மருத்துவர் இரண்டாவது. நோயாளியை மருத்துவம் நடக்கும் இடமாக மட்டும் பார்க்காமல், மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இயந்திரத்துக்கு வாய் கிடையாது. அதன் சார்பில் பேசக்கூடியவர் ஓட்டுநர்தான்.

இயந்திரத்தின் மேல் செய்யும் ஊகத்துக்கும் மனிதர் மேல் செய்யும் ஊகத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தப்பாக மாட்டிய சென்சாரைக் கழற்றிவிடலாம். பழையதைத் திரும்பப் போட்டு, பழுது திரும்புகிறதா என்று பார்க்கலாம். இயந்திரம் கோபித்துக்கொள்ளாது. ‘டேங்கில் கை வைத்திருப்பார்’ என்ற ஒரு வாக்கியத்தை ஒருவர் மேல் மாட்டிவிட்டால் அதைக் கழற்ற எந்த ஸ்பேனரும் இல்லை. உண்மை தெரிந்த பிறகும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டேயிருக்கும். அடுத்த முறை டீசல் கணக்கு உதைக்கும்போது முதலில் அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வரும். திருப்பிக் கழற்ற முடியாத இடத்தில் ஊகிக்கும் உரிமையை ஜேம்ஸே வந்து கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன்.

அதனால் எனக்கென்று சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். மலிவானதை, திருப்ப முடிந்ததை முதலில் சோதிப்பது. முடிந்தவரை ஒரே நேரத்தில் பாதிச் சந்தேகத்தை வெட்டுவது. டேங்கை விட்டுவிட்டு ஒரு ஜெரிக்கேனில் சுத்தமான டீசல் வைத்து அங்கிருந்து பம்புக்குக் குழாய் கொடுத்தால், பழுது டேங்க் பக்கமா என்ஜின் பக்கமா என்பது தெரிந்துவிடும். கழற்றிய பழைய பொருளை உரிமையாளர் கையில் கொடுப்பது. வேலைத்தாளில் இரண்டு பத்தி போடுவது: ஒன்றில் அளந்தது, இன்னொன்றில் ஊகித்தது. இரண்டாவது பத்தியில் மனிதர் பெயர் எதையும் எழுதுவதில்லை.

இதெல்லாம் லோரிக்கு மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்கு வராத பிள்ளை, வேலையை அடிக்கடி விடும் தம்பி, குடும்பத்தோடு பேசாமல் போன அக்கா என்று நம் வீட்டுப் பேச்சிலும் ஏராளமான பழுதுகளுக்குக் காரணம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சோம்பேறித்தனம், சேர்க்கை சரியில்லை, திமிர் என்று அங்கேயும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைக் கழற்றுகிறோம். அங்கே பில் எழுதும் வழக்கம் இல்லாததால், யார் காசில் ஊகித்தோம் என்பது நமக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது.